தானாகப் பூட்டும் லொக்கர், பிள்ளைகள் ஏறும் ஜீப்புக்கு வேண்டாம்

உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி உறவுகள் எல்லோருக்கும் இது. பதிவு கொஞ்சம் நீளம்தான். ஜீப் வைத்திருப்பவர்களும், ஜீப்பில் பிள்ளைகளை அனுப்புபவர்களும் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போனதிலிருந்து எங்கள் பக்கத்துத் தம்பிமாரிடம் ஒரே கதை: "டிப்புக்கு லொக்கர் போடணும்." மாவிலாறு அணைக்கட்டு உடைத்து மூதூர்ப் பக்கம் வெள்ளத்தில் கிடந்த நாட்களில் ட்ரக்டர், படகு, ஜீப் என்று எது கிடைத்ததோ அதில் சாமான் ஏற்றிக்கொண்டு போனவர்களை ஊர் மறக்காது. அடுத்த முறையும் போக வேண்டும், சேற்றில் புதையாமல் போக வேண்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் அந்த எண்ணத்தைக் காட்டி, பின் அச்சில் தானாகப் பூட்டிக்கொள்ளும் லொக்கரை, தினமும் பாடசாலைக்கும் மத்ரசாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடுகிற ஜீப்பில் மாட்டுவதை நாங்கள் எதிர்க்கிறோம். விற்கிறவர் சொல்லாததை இங்கே சொல்கிறோம்.

நாங்கள் என்றால், உப்புவெளியிலிருந்து குச்சவெளிக்கு அப்பால் ஒரே ஜீப்பில் போய் வருகிற ஐந்து ஆசிரியர்கள். ஒரு பக்கம் 30 கிலோமீற்றருக்கு மேல். போகிற வழியில் பிள்ளைகளும் ஏறுவார்கள். ஐந்து பேரில் மூன்று பேர் மாறி மாறி ஓட்டுகிறோம். வாங்கும்போதே ஜீப்பின் பின் டிப்பில் லொக்கர் இருந்தது. விற்றவர் அதன் பெயரையே சொல்லவில்லை, "நல்ல பெலமான டிப்" என்றார், அவ்வளவுதான். மூன்று மாரி அதோடு ஓடிவிட்டோம். ஆகவே எங்கோ படித்துவிட்டு இதை எழுதவில்லை.

முதலில் டிப் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இல்ல விளையாட்டுப்போட்டியில் அணிநடை பார்த்திருப்பீர்கள். வரிசை மூலையில் திரும்பும்போது உள்ளே நிற்கிற பிள்ளை நின்ற இடத்தில் கால் மாற்றும், வெளியே நிற்கிற பிள்ளை எட்டி நடக்கும். வண்டியின் இரண்டு பின் சில்லுகளும் அப்படித்தான். வளைவில் வெளிச்சில்லுக்குத் தூரம் அதிகம். அது வேகமாகச் சுற்ற விடுவதுதான் டிப்பின் வேலை. 1827இல் பிரான்ஸில் பெக்கர் என்ற மணிக்கூடு செய்பவர் காப்புரிமை பெற்ற வேலை அது. கிட்டத்தட்ட 200 வருடமாக உலகம் அதில்தான் ஓடுகிறது.

அதில் ஒரு குறை உண்டு. சாதாரண டிப் இரண்டு சில்லுக்கும் ஒரே அளவு இழுவையைத்தான் கொடுக்கும். ஒரு சில்லு வரம்பு ஓரத்தில் அந்தரத்தில் தொங்கினால் அதற்கு வேண்டிய இழுவை ஒன்றுமில்லை, ஆகவே தரையில் நிற்கிற மற்றச் சில்லுக்கும் ஒன்றும் போகாது. ஒரு சில்லு சும்மா சுற்றும், ஜீப் அசையாது. திரியாய்ப் பக்கம் வயலுக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்த கதை.

லொக்கர் அந்தக் குறையைத் தீர்க்கிறது. அதை மறுக்கவே இல்லை. இரண்டு சில்லையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால், தரையில் பிடி உள்ள சில்லு ஜீப்பை இழுத்துக்கொண்டு வரும். இதில் இரண்டு சாதி. ஒன்று, சுவிட்ச் போட்டால் பூட்டும், எடுத்தால் திறக்கும். அவுஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் காற்றால் பூட்டுகிற லொக்கரைச் செய்கிறது. லேண்ட் குரூஸர் சிலவற்றுக்கு டொயோட்டாவே சுவிட்சோடு போட்டு அனுப்பியது. மற்றது தானாகப் பூட்டுவது. டெட்ரொயிட் லொக்கர் என்று உலகம் முழுக்கப் பெயர் எடுத்தது இந்தச் சாதிதான். பழைய டிப் கூட்டுக்குள்ளேயே நடுப் பல்லுச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் போடக்கூடிய மலிவான வகைகளும் உண்டு. வயர் இல்லை, கொம்ப்ரசர் இல்லை, சுவிட்ச் இல்லை. ஆகவேதான் எல்லோரும் அதைத் தேடுகிறார்கள்.

தானாகப் பூட்டுவது எப்போதும் பூட்டியே இருக்கும். வளைவில் வெளிச்சில்லு முந்தி ஓடினால் மட்டும் அதை "டிக் டிக்" என்று பல்லு தாண்ட விட்டுவிடும். அப்போது ஜீப்பை இழுப்பது உள்சில்லு ஒன்றுதான். அலஸ் தோட்டத்து ஒழுங்கைக்குள் நாங்கள் திரும்பினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். "சேர்ட ஜீப் உடையப் போகுது" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். அது உடைவதல்ல, அதன் இயல்பு அப்படித்தான்.

சத்தம் பிரச்சினையே இல்லை. பிரச்சினை, வளைவின் நடுவில் அது மனம் மாறுவது. அக்சிலேட்டரை மிதித்தால் உள்சில்லு இழுக்கிறது. இன்னும் மிதித்தால், பாரம் குறைந்திருக்கிற உள்சில்லு வழுக்கி, வெளிச்சில்லின் வேகத்துக்கு வந்து, இரண்டும் "டொங்" என்று பூட்டிக்கொள்ளும். அந்த நிமிடம் ஜீப் திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். பயந்து காலை எடுத்தால் நிலைமை தலைகீழ். என்ஜின் பிடிக்கிற இழுவை இப்போது வெளிச்சில்லுக்குப் போகும், பின்பக்கம் ஒரு வெட்டு வெட்டும். ஸ்டியரிங்கை நீங்கள் அசைக்கவே இல்லை, ஆனால் ஜீப் ஒரு முழம் தள்ளி நிற்கும். குட்டை ஜீப்பில் இது இன்னும் கூட. கியர் மாற்றக் கிளட்சை விட்டு மிதிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த இழுபறி நடக்கும்.

காய்ந்த வீதியில் இதற்குப் பழகலாம், பழகியும் விட்டோம். வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி முடித்து, காலை ஒரே அளவில் வைத்துக்கொண்டு போக வேண்டும். மாரியில் கதை வேறு. நவம்பர் முதல் ஜனவரி வரை எங்கள் காபட் வீதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலே மழை, கடல் பக்கமிருந்து அடித்துவந்த மெல்லிய மணல், டிப்பர்கள் சிந்திய எண்ணெய், இருட்டினால் வீதி நடுவில் படுத்திருக்கிற மாடு. சாதாரண டிப் உள்ள ஜீப் வழுக்கினால் ஒரு சில்லு வழுக்கும், மற்றச் சில்லு தரையைப் பிடித்து ஜீப்பைக் கோட்டில் வைத்திருக்கும். பூட்டின டிப்பில் இரண்டும் ஒன்றாக வழுக்கும். பிறகு பின்பக்கத்தைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. நடு உயர்ந்த வீதியாக இருந்தால், ஓரத்தில் யார் நடந்து போகிறார்களோ அவர்கள் பக்கம் சரியும். போன மாரியில் ஒரு வளைவில் எங்கள் ஜீப் அப்படிச் சரிந்து புல்லில் போய் நின்றது. பின்னால் ஏழு பிள்ளைகள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அன்று ஓட்டியவர் எங்களில் ஆக நிதானமானவர், வேகமும் 40தான்.

"ஓட்டத் தெரியாதவன்தான் லொக்கரைக் குறை சொல்லுவான்" என்று கருத்துப் போட இப்போதே விரல் துடிக்கும். சரி, உங்களுக்கு ஓட்டத் தெரியும் என்றே வைப்போம். உங்கள் தம்பிக்கு? மச்சானுக்கு? அவசரத்துக்கு உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் திறப்பை வாங்கிக்கொண்டு ஓடுகிற பக்கத்து வீட்டுக்காரருக்கு? எங்கள் ஊரில் ஒரு வீட்டு ஜீப் ஒருவருடைய ஜீப்பாக இருந்ததே இல்லை. திறப்புக் கொடுக்கும்போது "பிரேக் கொஞ்சம் இறக்கம்" என்று சொல்கிறோம், "டீசல் இருக்கா பாருங்க" என்று சொல்கிறோம். "வளைவில் காலை எடுத்தால் பின்பக்கம் வெட்டும்" என்று யார் சொல்கிறார்கள்?

டயரையும் பாருங்கள். இந்த லொக்கருக்கு இரண்டு பின் டயரும் ஒரே அளவு, ஒரே தேய்வு, ஒரே காற்று இருக்க வேண்டும். நாங்கள் வாழ்கிற முறைக்கு இது நடக்கிற காரியமா? 2020இலிருந்து வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்தக் காலமெல்லாம் பழைய ஜீப்பை ஒட்டி ஒட்டி ஓடின சனம் நாம். ஒரு பக்கம் ரீபில்ட் டயர், மறுபக்கம் பாதி தேய்ந்த புதியது, ஸ்பெயார் வீல் வேறு அளவு. அளவு வித்தியாசம் இருந்தால் நேர் வீதியிலேயே ஒரு சில்லு மற்றதை விட வேகமாகச் சுற்ற வேண்டும். லொக்கர் நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டும். டயர் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பஞ்சர் ஆகிக் கிடைத்த டயரை மாட்டிக்கொண்டு வீடு வருகிற இரவில் இதைப் பற்றி யார் யோசிப்பது?

"அப்ப கடற்கரை மணலுக்கு என்ன செய்யுற?" நல்ல கேள்வி. மணலில் புதைகிற ஜீப்பில் பெரும்பாலும் இரண்டு பின் சில்லும் சேர்ந்துதான் புதைகிறது. அங்கே பூட்டினால், இரண்டும் இன்னும் ஒற்றுமையாகத் தோண்டும். மணலுக்கு மருந்து காற்றைக் குறைப்பது. 30க்கு மேல் நிற்கிற டயரை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் தட்டையாகி மணலுக்கு மேல் நடக்கும். அதற்குத் தேவை ஒரு காற்று மீற்றரும், வீதிக்கு ஏறினதும் திரும்பக் காற்றடிக்க ஒரு சின்னப் பம்பும். காற்றடிக்காமல் வேகமாக ஓடக்கூடாது, டயர் சூடாகும். ஒரு மண்வெட்டி, நல்ல கயிறு, இரண்டு பலகை. கரைவலை இழுக்கிற ஆட்களிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார்கள், அதுவும் ஒரு சதம் வாங்காமல்.

"வெள்ளத்துக்கு?" வெள்ளத்தில் ஜீப்பை நிறுத்துவது டிப் அல்ல, என்ஜினுக்குள் போகிற தண்ணீர். காற்று இழுக்கிற குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? டிப்பின் மூச்சுக்குழாயை மேலே நீட்டி வைத்திருக்கிறீர்களா? அது இல்லாவிட்டால், ஓடிச் சூடான டிப் குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கும்போது தண்ணீரை உள்ளே உறிஞ்சும். வெள்ளத்தில் இறங்கின ஜீப்பின் டிப் எண்ணெயைத் திறந்து பாருங்கள், பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள். டித்வாவுக்குப் பிறகு எத்தனை ஜீப்பில் அதை மாற்றினோம்? லொக்கருக்குச் செலவழிக்கிற காசில் பத்தில் ஒன்று போதும் இதற்கு. ஓடுகிற வெள்ளத்தில் முழங்காலளவு தண்ணீரே ஜீப்பைத் தூக்கிக்கொண்டு போகக்கூடும், எந்த லொக்கரும் அதைப் பிடித்து வைக்காது.

இதைச் சொல்வதால் எல்லா லொக்கரையும் கடலில் எறியச் சொல்லவில்லை. வயலுக்கும் காட்டுக்கும் மட்டும் ஓடுகிற ஜீப்பா, போடுங்கள். வீட்டு ஜீப்புக்குக் கட்டாயம் வேண்டுமென்றால், காசு சேர்த்துச் சுவிட்ச் உள்ளதைப் போடுங்கள். எடுத்துவிட்டால் அது சாதாரண டிப்தான், பிள்ளைகளோடு போகும்போது அது இருப்பதே தெரியாது. இன்னொரு வழியும் உண்டு. முன்சில்லுகளைக் கையால் திறந்து பூட்டுகிற ஹப் உள்ள பழைய ஜீப்புகளில், தானாகப் பூட்டும் லொக்கரை முன் அச்சில் போடலாம். ஹப்பைத் திறந்துவிட்டு டூ வீலில் ஓடினால் வீதியில் அதன் தொந்தரவு இல்லை. சேற்றில் பூட்டி ஃபோர் வீல் போட்டால் ஸ்டியரிங் கனக்கும், அதைத் தாங்கலாம். டிஃபென்டர் போல எப்போதும் நாலு சில்லும் இழுக்கிற வண்டிக்கு இந்த வழி சரிவராது. பழைய சீரீஸ் லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். அதன் 10 பல்லு ஷாஃப்ட் முன்பே மெலிவு. பூட்டின டிப் முழுப் பாரத்தையும் ஒரு ஷாஃப்டில் ஏற்றினால் முறிகிற சத்தம் கேட்கும்.

எங்களுக்குக் கோபம் தம்பிமார் மேல் இல்லை. கேட்டதும் மாட்டிக் கொடுக்கிற கராஜ்காரர்கள் மேல்தான். நல்ல பாஸ்மார் இருக்கிறார்கள், "இது வீட்டு வண்டிக்கு வேண்டாம் தம்பி" என்று திருப்பி அனுப்பினவர்களும் இருக்கிறார்கள். மற்றவர்களிடம் கேட்கிறோம்: ஜீப்பில் யார் ஏறுவார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கழற்றின பல்லுச் சக்கரங்களைத் திருப்பிக் கொடுத்தீர்களா, அல்லது இரும்புக் கடைக்குப் போட்டீர்களா? இன்னொருவருடைய பிள்ளையை ஏற்றினால் அது அமானத் என்று மேடையில் எல்லோரும் பேசுகிறோம். பாதையில் கிடக்கிற முள்ளை எடுத்துப் போடுவதும் ஈமானில் சேர்ந்தது என்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கே படிப்பிக்கிறோம்.

வரும் விடுமுறையில் எங்கள் ஜீப்பின் லொக்கரைக் கழற்றப் போகிறோம். பழைய சக்கரத் தொகுதி ஒன்றைத் தேடிப் பிடித்தாயிற்று. மாட்டியிருப்பவர்கள் பழையதைக் கவனமாக எண்ணெய் பூசி வைத்திருங்கள். உடனே கழற்ற முடியாவிட்டால், ஸ்டியரிங்குக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு துண்டாவது ஒட்டி வையுங்கள்.

கை மாறி வந்த ஜீப் வைத்திருப்பவர்கள் உள்ளே லொக்கர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: சமதரையில் நிறுத்தி, முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் நல்ல கட்டை வையுங்கள். இரண்டு பின் சில்லையும் தூக்கி, அச்சுக்குக் கீழே ஸ்டான்ட் கொடுத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஹான்ட் பிரேக்கை இறக்குங்கள். ஒரு சில்லைக் கையால் சுற்றுங்கள். மற்றச் சில்லு எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதாரண டிப். இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் உள்ளே ஏதோ ஒரு பூட்டு இருக்கிறது, நல்ல பாஸ் ஒருவரிடம் திறந்து பார்க்கக் கொடுங்கள். ஜீப்புக்குக் கீழே தலையை விடாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், பாடசாலை விட்டு வந்து பதில் சொல்கிறோம்.