வீடு கட்ட உடனடி அனுமதி ரெடி... பட்டா யார் பேர்ல இருக்கு?

போன தை மாசம் அப்பாகிட்ட இருந்து போன். "கொத்தனார்கிட்ட பேசிட்டேன். நல்ல நாள் பார்த்து வானம் தோண்டிடலாம்."

"பிளான் அப்ரூவல் வாங்கிட்டீங்களாப்பா?"

மறுமுனையில் சிரிப்பு. "உங்க தாத்தா இந்த ஓட்டு வீட்டைக் கட்டும்போது யார்கிட்டடா கேட்டாரு?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா, வங்கிகிட்ட இருந்தது. வீட்டுக் கடன் கேட்டுப் போனதும் அவங்க நீட்டிய பட்டியலில் முதல் வரியே 'அனுமதி பெற்ற கட்டட வரைபடம்' என்பதுதான்.

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கிட்டு, ஊரில் அம்மா அப்பாவுக்கு ஒரு வீடு கட்டித் தரணும்னு இ.எம்.ஐ கணக்குப் போடுறவங்க நம்மில் நிறைய பேர். அவங்க எல்லாரும் வந்து முட்டப்போற இடம் இது. அதனால கொஞ்சம் விரிவாவே பேசிடுவோம்.

கிராமத்திலும் அனுமதி வேணுமா?

வேணும். புதுசா வந்த விதியும் இல்லை இது. 1994-ம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும், 1997-ல் வந்த ஊராட்சிக் கட்டட விதிகளும் கிராமத்தில் வீடு கட்ட அனுமதி பெற வேண்டும் என்றுதான் சொல்கின்றன. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நகரம், கிராமம் இரண்டுக்குமே பொருந்தும். ஆனா நடைமுறையில் என்ன ஆச்சு? பல ஊர்களில் யாரும் வாங்கலை, யாரும் கேட்கலை. கேட்ட இடங்களில் தலைவர் வீட்டுக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் நடக்கணும். 'கவனிக்க' வேண்டியதையும் கவனிக்கணும்.

இப்போ கேட்கிறவங்க மாறிட்டாங்க. வங்கி கேட்குது, மின் இணைப்பு கொடுக்கிறவங்க கேட்கிறாங்க. நாளைக்கு அந்த வீட்டை விற்கப் போனா, வாங்குறவரோட வக்கீல் கேட்பார். 2024 டிசம்பர் 17-ம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, விதிமீறல் கட்டடங்கள் விஷயத்தில் வங்கிகளும் மின்சாரம், குடிநீர் தரும் துறைகளும் சான்றிதழ்களைச் சரிபார்த்த பிறகே கடனும் இணைப்பும் தர வேண்டும் என்று கறாராகச் சொன்னது. 'கட்டிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற பழைய கணக்கு இனி ரொம்ப நாள் ஓடாது.

சுயசான்று என்ற குறுக்கு வழி

2024 ஜூலை 22-ம் தேதி தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளத்துடன் ஒரு மாடி. இந்த அளவுக்குள் குடியிருப்பு வீடு கட்டுபவர்கள் ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாவற்றையும் ஏற்றி, கட்டணத்தைச் செலுத்தினால் அனுமதி உடனடியாக வந்துவிடும். முன்கூட்டியே கள ஆய்வு கிடையாது. பரிசீலனைக் கட்டணம் இல்லை. கட்டட முடிவுச் சான்றிதழ் வாங்கும் வேலையும் இல்லை.

எங்க இடம் மூன்றேகால் சென்ட். அதாவது, ஏறக்குறைய 1,400 சதுர அடி. கட்டப்போறது 900 சதுர அடி வீடு. திட்டத்துக்குள் கச்சிதமா அடங்குது.

செலவு பற்றியும் சொல்லிடணும். கட்டணத்தை உயர்த்திட்டாங்க என்று திட்டம் வந்தபோதே எதிர்க்கட்சிகள் கண்டித்தன. உங்க ஊராட்சிக்கு எவ்வளவு என்பதை இணையதளத்தில் கணக்குப் பார்த்துக்கிட்டு பட்ஜெட் போடுங்க. ஆனாலும், யார் கையிலும் கவர் திணிக்காமல் ரசீதோடு கட்டுற பணம் என்பது கிராமத்தில் சின்ன மாற்றம் இல்லை.

சரி, சிக்கல் எங்கே?

'சுயசான்று' என்ற பேரிலேயே இருக்கு. முன்னாடி அதிகாரி பார்த்து, 'சரியா இருக்கு'ன்னு கையெழுத்துப் போடணும். இப்போ அந்தக் கையெழுத்து உங்களுடையது. இடம் என்னுடையது, வழக்கு இல்லை, நீர்நிலையில் இல்லை, விதிப்படிதான் கட்டுவேன் என்று உறுதி கொடுப்பது நீங்கதான். பின்னாடி தப்புன்னு தெரிஞ்சா அனுமதி ரத்தாகும். கட்டிய சுவரும் கடனும் உங்க தலையில்.

அப்போ அந்த உறுதிமொழிக்குப் பின்னால் இருக்கிற காகிதம் சுத்தமா இருக்கணும். கிராமத்தில் அதுதான் இல்லை.

எங்க கதையே சாட்சி. நத்தம் பட்டா இருந்தது. ஆனா, தாத்தா பேரில். தாத்தா இறந்து 19 வருஷம் ஆச்சு. வீட்டு வரி அப்பா பேரில், மின் இணைப்பு அப்பா பேரில், ஊருக்கே அது அப்பா வீடு. இணையதளத்துக்கு மட்டும் அது இன்னும் தாத்தா வீடு. அனுமதி வாங்க ஒரு நாள்கூட வேண்டாம். ஆனா, அனுமதி கேட்கிற தகுதி வாங்கவே எங்களுக்கு ஏழு மாசம் ஆச்சு.

பெரும்பாலான கிராமத்துக் குடும்பங்களின் நிலை இதுதான். கூட்டுப் பட்டாவில் நாலு பேர் பெயர், அதில் இரண்டு பேர் உயிரோடு இல்லை. அண்ணன் தம்பி வாய்வார்த்தையில் பிரிச்சு வேலி போட்ட இடத்துக்கு உட்பிரிவு எண் கிடையாது. பத்திரத்தில் ஓர் அளவு, நில வரைபடத்தில் வேறொரு அளவு. இதையெல்லாம் சரிசெய்ய கிராம நிர்வாக அலுவலர், சர்வேயர், தாலுகா அலுவலகம் என்றுதான் போகணும். ஊராட்சி அலுவலகத்தில் காத்திருந்த வரிசை அப்படியே தாலுகா அலுவலகத்துக்கு இடம் மாறியிருக்கிறது. பட்டா மாறுதலுக்கும் உட்பிரிவுக்கும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம், உண்மைதான். ஆனா, நிலத்தை அளக்க சங்கிலியோடு ஒரு மனுஷர் நேரில் வந்துதானே ஆகணும்?

அத்தைகளின் கையெழுத்து

தாத்தா உயில் எழுதலை. அப்போ வாரிசுகள் யார்? அப்பா, சித்தப்பா, கூடவே இரண்டு அத்தைகள். 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொந்த சொத்தில் மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. பூர்விகச் சொத்திலும் பெண்களுக்குச் சம உரிமையை 1989-லேயே தமிழ்நாடு கொண்டுவந்தது. 2005-ல் நாடு முழுக்க வந்தது.

சட்டம் இப்படி இருந்தாலும், 'பொண்ணுங்களுக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே' என்பதுதான் ஊர் வழக்கு. எங்க வீட்டிலும் அப்படித்தான். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்டப்போ பெரிய அத்தை ஒண்ணும் சொல்லலை. சின்ன அத்தை மட்டும், "கையெழுத்து போடுறேன் அண்ணே. என் பங்குக்கு என்ன?"ன்னு கேட்டாங்க. அப்பாவுக்குக் கோபம். ரெண்டு மாசம் பேச்சுவார்த்தையே இல்லை.

யோசிச்சுப் பார்த்தா, அத்தை கேட்டதில் என்ன தப்பு? அனுமதி என்ற ஒரு காகிதம் தேவைப்படலைன்னா அந்தக் கேள்வியைக் கேட்கிற சந்தர்ப்பமே அவங்களுக்கு வாய்ச்சிருக்காது. கடைசியில் கட்டுமானப் பணத்தில் ஒரு பகுதியை ரெண்டு அத்தைகளுக்கும் கொடுத்துட்டுதான் பத்திரம் பதிஞ்சோம். மாடிப்படி அறை பிளானில் இருந்து காணாமல்போனது.

'பஞ்சாயத்து அப்ரூவ்டு' மனை வாங்கியிருக்கீங்களா?

இது இன்னொரு வகைத் தலைவலி. ஊராட்சித் தலைவர் முத்திரை குத்திய வரைபடத்தைக் காட்டி விற்கப்பட்ட மனைகள் மாநிலம் முழுக்க இருக்கு. மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் வேலை. தலைவர் முத்திரை போதாது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. அதன்படி, 2016 அக்டோபர் 20-ம் தேதிக்குள் பதிவான மனைகளைத்தான் வரன்முறைப்படுத்த முடியும். வரன்முறை ஆணை இல்லாமல் கட்டட அனுமதிக்குப் போனால் அங்கேயே நின்றுவிடும்.

யாருக்குக் கதவு திறக்கலை?

எங்களுக்காவது அலைய ஆள் இருந்தது. லேப்டாப் இருந்தது. தலைமுறையா புறம்போக்கில் குடிசை போட்டு இருக்கிறவங்களுக்கு? ஊரகப் பகுதி குடிசைகளை மாற்றுவதற்கான 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்குது. அதுக்கும் இடம் சொந்தமா, பட்டாவோடு இருக்கணும். பணமும் அனுமதியும் வேகமாகக் கிடைக்கிற காலத்தில்கூட, பட்டா இல்லாதவர் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறார்.

அதனால, சுயசான்று நல்ல திட்டம்தான், ஆனா பாதி வேலை. சர்வேயர் எண்ணிக்கையைக் கூட்டி, இறந்தவர் பெயரில் தொங்கும் பட்டாக்களுக்கு ஊர் ஊராக முகாம் போட்டால்தான் மீதிப் பாதியும் முடியும்.

வானம் தோண்டும் முன்பு...

* பட்டா, பத்திரம் இரண்டிலும் பெயரும் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்க.
* வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க.
* நஞ்சை நிலம் என்றால் மனையாக மாற்றத் தனி அனுமதி வேண்டும். ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்றால் கனவிலும் வேண்டாம்.
* உங்க பாஸ்வேர்டில் வேறு யாரோ உறுதிமொழியை 'டிக்' பண்ண விடாதீங்க. சட்டப்படி அது உங்க வாக்குமூலம்.
* கொத்தனார் 'அரை அடி தள்ளிக்கலாம் தம்பி' என்று சொன்னாலும், அனுமதி வாங்கிய வரைபடத்தைத் தாண்டாதீங்க.

ஆடி முடிஞ்சு ஒரு ராத்திரி, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் விண்ணப்பிச்சேன். பணம் கட்டியதும் க்யூ.ஆர் கோடோடு அனுமதி வந்தது. அப்பா கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சார். "அவ்வளவுதானா?"ன்னார்.

ஆவணியில் வானம் தோண்டினோம். சின்ன அத்தைதான் முதல் செங்கல் எடுத்துக் கொடுத்தாங்க. அப்பாவும் அத்தையும் இன்னும் பழைய மாதிரி பேசிக்கலை. கிரகப்பிரவேசத்துக்குள்ள பேசிடுவாங்கன்னு நினைக்கிறேன்.