ஞாயிற்றுக்கிழமைச் சலவையும் செப்டிக் டேங்கும்

பாதாளச் சாக்கடை எட்டிப் பார்க்காத புறநகர்களில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாஷிங் மெஷினுக்கு ஓய்வில்லை. வாரம் முழுக்கச் சேர்ந்த பள்ளிச் சீருடை, அலுவலகச் சட்டை, படுக்கை விரிப்பு எல்லாம் அடுத்தடுத்து நான்கு சுற்று ஓடும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால், ‘செப்டிக் டேங்குக்குத்தான்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஐந்து பேர் வாழும் வீட்டுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் சொல்லும் டேங்க் ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம் கொண்டது. பெருக்கிப் பார்த்தால் சுமார் 1,100 லிட்டர். மேலே மூடி திறக்கும் மெஷின்கள் பல, ஒரு சுற்றுக்கே 100 லிட்டருக்கு மேல் இழுப்பவை. ஆக, டேங்கின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான தண்ணீர் ஒரே காலையில் உள்ளே பாய்கிறது.

டேங்க் நிதானமாக வேலை செய்வது. கசடு அடியில் படிய வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்க வேண்டும், நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேற வேண்டும். அதற்குத் தண்ணீர் ஒரு நாளாவது உள்ளே தங்கியாக வேண்டும். வெள்ளமாகப் புகுந்தால் படிந்ததெல்லாம் கலங்கி உறிஞ்சுகுழிக்கோ தெருச் சாக்கடைக்கோ தள்ளப்படும். குழியைச் சுற்றியுள்ள மண்ணின் துளைகள் அடைபட்ட பிறகு கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை.

சோப்பு பாக்டீரியாவைக் கொன்றுவிடுமே என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். அளவாகப் போடும் சோப்புத்தூள் அவ்வளவு கெடுதல் செய்யாது. பிளீச்சிங் பவுடரையும் கிருமிநாசினியையும் அள்ளிக் கொட்டினால்தான் ஆபத்து. ஆனால், உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் வீடுகளில் நுரை பொங்கும்வரை தூளைக் கொட்டுவது பழக்கமாகிவிட்டது. தூளில் உள்ள சோடியம் சேரச் சேர, களிமண் தண்ணீரை உறிஞ்சும் திறனை இழக்கும். அத்தகைய மண்ணில் வீடு கட்டியவர்கள் திரவ சோப்புக்கு மாறுவது நல்லது.

நூலிழைகளையும் மறக்கக் கூடாது. ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் அதிகமான இழைகள் உதிரக்கூடும் என்று பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வு 2016இல் சொன்னது. செயற்கை இழை டேங்கில் மட்காது. மெஷினின் பஞ்சு வடிகட்டியை அவ்வப்போது சுத்தம் செய்து, வெளியேறும் குழாயின் முனையில் மெல்லிய வலைப்பை ஒன்றைக் கட்டினால் ஓரளவு தடுக்கலாம். எடுத்த பஞ்சு குப்பைத் தொட்டிக்குப் போகட்டும்.

துணிகளை ஒரே நாளில் குவிக்காமல் இரண்டு நாளுக்கு ஒரு சுற்றாகப் பிரித்துத் துவைப்பது எளிய வழி. அதைவிடச் சிறந்தது, சலவை நீரை டேங்குக்கே அனுப்பாதது. துவைக்கும் கல்லிலிருந்து ஓடிய தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விட்ட வீடுகள் நம்மிடம் ஏராளம். மேல்நாட்டு முத்திரை வேண்டுவோருக்கு ஒரு தகவல்: மெஷின் நீரைச் சில நிபந்தனைகளோடு அனுமதி இல்லாமலே தோட்டத்துக்கு விடலாம் என்று கலிபோர்னியா 2009இல் விதி மாற்றியது. கீரைப் பாத்திக்கு மட்டும் அது ஆகாது. நோயாளியின் துணியும் குழந்தையின் மலத்துணியும் அலசிய நீர் டேங்குக்கே போக வேண்டும்.

டேங்க் அடைத்துக்கொண்டால் லாரி வரும். சில இடங்களில் லாரியோடு ஆளும் உள்ளே இறக்கப்படுகிறார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்த பிறகும் விஷவாயுச் சாவுகள் நிற்கவில்லை. இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது.

கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரும்போதே, சலவை நீருக்குத் தனிக் குழாய் இருக்கிறதா என்று உள்ளாட்சிகள் பார்க்க வேண்டும். இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். தரை பூசுவதற்கு முன்பே பிளம்பரிடம் சொல்லிவிடுங்கள்.