சாவு வீட்டுக்குப் போகிறவருக்கு என்ன விலை?

டில்லி விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே ஆகாய மார்க்கமாகச் சுமார் 1,760 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் இரண்டே கால் மணி நேரம் போதுமே என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் கால அட்டவணையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் போட்டிருக்கிறார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், மேலே ஏறுவதும், சென்னையில் முறை வந்து இறங்குவதும் அதில் அடக்கம்.

பயணிக்கு அதுவும் முழுக் கணக்கல்ல. இரண்டு மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருக்க வேண்டும். காலையில் திரிலோக்புரியில் கிளம்புகிறவர், சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து, விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தை அடையும்போது பொழுது சாய்ந்துவிடும்.

ஆயினும் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சுமார் 2,180 கிலோமீட்டர் ஓட 33 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இன்றிரவு ஒன்பது மணிக்கு ஏறினால் நாளை மறுநாள் காலையில்தான் சென்ட்ரல். விடுமுறைக்குப் போகிறவருக்கு இது பெரிய தாமதமில்லை. தகப்பனார் காலமானார் என்று செய்தி வந்தவருக்கோ, முகம் பார்ப்பதும் பார்க்காமல் போவதும் அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. கொள்ளி வைக்க வேண்டிய மகனுக்காக ஊரார் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்?

அந்த நேரம் பார்த்துத்தான் விமானக் கட்டணம் கையைச் சுடுகிறது. ஒரு மாதம் முன்பே டிக்கெட் எடுத்தவருக்கு ஒரு விலை. பக்கத்து இருக்கைக்கு அன்று காலை எடுப்பவர் அதைப்போல் சில மடங்கு கொடுக்க நேரிடுகிறது. உல்லாசப் பயணம் போகிறவர் தேதியை மாற்றிக்கொள்ளலாம். துக்க வீட்டுக்குப் போகிறவர் எந்தத் தேதியை மாற்றுவார்?

இதைக் கட்டுப்படுத்த வழியில்லை என்று அரசு சொல்ல முடியாது. கொரோனாக் காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்டு வரை, பறக்கும் நேரத்தை வைத்துக் கட்டண வரம்பு விதித்தது அரசுதான். 2025 டிசம்பரில் விமானங்கள் ஏராளமாக ரத்தானபோது, தூரத்தை வைத்து உச்சவரம்பு கட்டியதும் அதே அரசுதான். அப்போது 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய். 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய்.

நாட்டுக்கு நெருக்கடி வந்தால் வரம்பு போடுகிறார்கள். ஒரு குமாஸ்தா வீட்டில் சாவு விழுவது அந்த வீட்டுக்கு நெருக்கடி இல்லையா? எல்லா இருக்கைக்கும் விலை குறைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு விமானத்திலும் சில இருக்கைகளைத் துக்கத்துக்குச் செல்வோருக்கென ஒதுக்கி, தூரத்துக்கு ஏற்ற நியாயமான கட்டணம் வைக்கட்டும். இறப்புச் சான்றிதழைப் பிறகு காட்டினால் போதும் என்று விதி செய்யட்டும்.

டில்லிக்கும் சென்னைக்கும் அடிக்கடி பறக்கிற தமிழக எம்.பி.க்கள் இதைப் பாராளுமன்றத்தில் எழுப்ப வேண்டும். கட்சி பேதமின்றி அனைவரும் ஒரே குரலில் கேட்கக்கூடிய கோரிக்கை இது.