மறுப்புச் சொல்லவும் கட்டணமா?

மத்திய சர்க்காரின் கெஜட்டை மில் வாசலில் யாரும் படிப்பதில்லை. நடவு வயலில் அதைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் பல காரியங்கள் சத்தமில்லாமல் நடந்தேறுகின்றன. 2024 மார்ச் 15 தேதியிட்ட பேடண்ட் விதித் திருத்தமும் அப்படி வந்ததுதான். அதன் கட்டண அட்டவணையில் முன்பு இல்லாத ஒரு வரி புதிதாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு வரியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

பேடண்ட் என்பது வக்கீல்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் உரிய சங்கதி, நமக்கென்ன என்று தொழிலாளத் தோழர் கேட்கலாம். ஒரு பொருளைக் கண்டுபிடித்ததாகச் சொல்லுகிறவருக்கு, 20 ஆண்டுக் காலம் அதை வேறு எவரும் செய்யக் கூடாது, விற்கக் கூடாது என்று தடுக்கும் உரிமையைச் சர்க்கார் எழுதிக் கொடுக்கிறது. அதுதான் பேடண்ட். அந்தப் பொருள் ஒரு பேனாவாக இருந்தால் வாங்காமல் இருந்துவிடலாம். மருந்தாக இருந்தால்? பஞ்சுத் தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்து, நெரிசலான குடியிருப்பில் படுத்து எழுந்து, அரை வயிற்றுக்குச் சாப்பிட்டு, காசநோய்க்கு ஆளாகிறவன் மருந்து கம்பெனி சொன்ன விலையைக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் சாக வேண்டும். பேடண்ட் காரியாலயத்தின் ரப்பர் முத்திரைக்கும் தொழிலாளியின் நெஞ்சாங்கூட்டுக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

வெள்ளைக்காரன் 1911-ல் செய்த சட்டம், சுதந்திரம் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த நாட்டில் நடைமுறையில் இருந்தது. அதை ஆராய்ந்து 1959-ல் அறிக்கை கொடுத்தவர் நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார். அவர் கம்யூனிஸ்ட் அல்ல. சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்து பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர். இந்தியாவில் வழங்கப்பட்ட பேடண்டுகளில் மிகப் பெரும் பகுதி அந்நியர் கையில் இருக்கிறது, அவர்கள் இங்கே பொருளை உற்பத்தி செய்வதற்காக அவற்றை வாங்கவில்லை, சந்தையைத் தம் கையில் வைத்துக்கொள்ளவே வாங்குகிறார்கள் என்று அவரே எழுதினார். அதன் பலனாக 1970-ல் புதுச் சட்டம் பிறந்து 1972-ல் அமுலுக்கு வந்தது. மருந்துக்குப் பேடண்ட் கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்று அது சொன்னது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய வழி பிறந்தது, விலை இறங்கியது. உள்நாட்டு மருந்து முதலாளிகள் தருமப் பிரபுக்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. பத்துப் பேர் போட்டி போட்டால் ஒருவனால் கழுத்தை நெரிக்க முடியாது, அவ்வளவுதான்.

உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்தால் 2005 ஜனவரி 1 முதல் மருந்துக்கே பேடண்ட் தரும் நிலை திரும்பியது. அப்போது பார்லிமெண்டில் இடதுசாரி உறுப்பினர்கள் விடாமல் வற்புறுத்தியதால் இரண்டு காப்பு வேலிகள் கிடைத்தன. பழைய மருந்தையே கொஞ்சம் மாற்றி, குணத்தில் மேம்பாடு இல்லாமல், புதிது என்று கொண்டுவந்தால் பேடண்ட் இல்லை என்பது ஒன்று. சட்டத்தில் அது 3(டி) பிரிவு. பேடண்ட் வழங்குவதற்கு முன்பே 'எந்த ஒரு நபரும்' எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கலாம் என்பது மற்றொன்று. அது 25(1) பிரிவு. எந்த ஒரு நபரும் என்றால் நோயாளியும்தான், சங்கமும்தான். அதற்குக் காலணா கட்டணம் கிடையாது.

மறுப்பு எதற்கு, காரியாலயத்தில் படித்த அதிகாரிகள் இல்லையா என்று கேட்பவர்கள் மஞ்சள் கதையை நினைத்துக்கொள்ள வேண்டும். புண்ணுக்கு மஞ்சள் வைத்தால் ஆறும் என்பது நம் வீட்டுக் கிழவிகள் எல்லோருக்கும் தெரியும். அதையே புதுக் கண்டுபிடிப்பு என்று 1995-ல் அமெரிக்கப் பேடண்ட் காரியாலயம் பேடண்ட் கொடுத்துவிட்டது. நம் நாட்டு விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய நூல்களைக் காட்டி மறுத்த பிறகு 1997-ல் அது ரத்தாயிற்று. மேஜையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு எல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. வெளியிலிருந்து ஒருவர் எழுந்து 'இது தவறு' என்று சொல்ல வழி வேண்டும்.

அப்படிச் சொன்னதால் என்ன நடந்தது என்பதற்குச் சென்னையே சாட்சி. ரத்தப் புற்றுநோய்க்கான 'கிளிவெக்' என்ற மருந்துக்கு ஸ்விட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனி சென்னைப் பேடண்ட் காரியாலயத்தில் மனுச் செய்தது. அந்தக் கம்பெனியின் விலையில் ஒரு மாத மருந்துக்கு ஏறத்தாழ ரூ. 1,20,000. இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்து பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. புற்றுநோயாளிகளுக்கு உதவும் மும்பைச் சங்கம் ஒன்று மறுப்புக் கொடுத்தது. மருந்து உற்பத்தியாளர் சிலரும் கொடுத்தார்கள். 2006 ஜனவரியில் சென்னைக் காரியாலயம் மனுவைத் தள்ளியது. கம்பெனி சும்மா இருக்கவில்லை. 3(டி) பிரிவே செல்லாது என்று சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2007 ஆகஸ்டில் அங்கும் தோற்றது. கடைசியில் 2013 ஏப்ரல் 1-ல் சுப்ரீம் கோர்ட்டும் பேடண்ட் இல்லை என்று தீர்ப்பளித்தது.

இரண்டாவது உதாரணம் நம் மில் பகுதிகளுக்கு இன்னும் நெருக்கமானது. சாதாரண மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுப்பது பெடாகுயிலின் மாத்திரை. ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியின் முதல் பேடண்ட் 2023 ஜூலையில் முடிய இருந்தது. அதே மருந்தின் உப்பு வடிவத்துக்கு இன்னொரு பேடண்ட் வாங்கி, 2027 வரை வேலியை நீட்டிக்கக் கம்பெனி மனுப் போட்டிருந்தது. அதை 2019-ல் மறுத்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் மும்பையைச் சேர்ந்தவர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். இருவரும் காசநோயிலிருந்து பிழைத்து எழுந்தவர்கள். பழைய ஊசி மருந்தின் விஷத்தால் இருவருக்குமே காது போய்விட்டது. தம் காது போனது போல் இன்னொருவருக்குப் போகக் கூடாது, ஊசி இல்லாத இந்த மாத்திரை மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று அவர்கள் வந்தார்கள். 2023 மார்ச்சில் மும்பைக் காரியாலயம் கம்பெனியின் மனுவைத் தள்ளியது. உலகத்தின் பெரிய மருந்து கம்பெனிகளில் ஒன்றின் முன்னால், காது கேளாத இரண்டு பெண்களின் காகிதம் ஜெயித்தது.

அந்தத் தீர்ப்பு வந்து ஓராண்டு முடிவதற்குள் சர்க்கார் புது வரியை எழுதியது. இனிமேல் மறுப்புக் கொடுக்கத் தனி நபரானால் ரூ. 4,000, சிறு தொழில் அல்லாத மற்றவர்களுக்கு ரூ. 20,000. கட்டணம் கட்டிய பிறகும் அந்த மறுப்பு விசாரணைக்கு ஏற்றதா என்று அதிகாரி முதலில் பார்ப்பார். ஏற்றதல்ல என்று தோன்றினால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

இதைக் கூலிக் கணக்கில் சொல்லுகிறோம். 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குச் சர்க்கார் நிர்ணயித்த தினக்கூலி ரூ. 319. நாலாயிரம் என்றால் பன்னிரண்டரை நாள் மண் வெட்ட வேண்டும். இருபதாயிரம் என்றால் 62 நாளுக்கு மேல். இது ஒரு மனுவுக்கு மட்டும். மருந்து கம்பெனிகள் ஒரு மருந்துக்கு ஒரு பேடண்டோடு நிற்பதில்லை. உப்புக்கு ஒன்று, மாத்திரை வடிவத்துக்கு ஒன்று, இன்னொன்றோடு சேர்த்தால் ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். பத்து மனுவை மறுக்க நினைக்கும் நோயாளிச் சங்கம் இரண்டு லட்சம் எண்ணி வைக்க வேண்டும்.

மறுபக்கத்துக் கணக்கையும் பாருங்கள். பெரிய கம்பெனி மனுவுக்குக் கட்டுவது ரூ. 8,000, பரிசோதனைக்கு ரூ. 20,000. பிறகு மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிக்கும் கட்டணம்: முதல் நான்கு ஆண்டுக்கு வருஷம் 4,000, அடுத்த நான்கு ஆண்டுக்கு 12,000, அடுத்த ஐந்தாண்டுக்கு 24,000, கடைசி ஐந்தாண்டுக்கு 40,000. எல்லாம் கூட்டினால் 20 ஆண்டு ஏகபோகத்துக்கு ரூ. 4,12,000. மனுவில் பக்கங்கள் அதிகமானால் இன்னும் கொஞ்சம் கூடும். கிளிவெக் விலையில் நான்கே நான்கு நோயாளிகள் ஒரு மாதம் மருந்து வாங்கினால் கம்பெனிக்கு இதற்கு மேல் வந்துவிடும்! அந்த நான்கு லட்சத்திலும் சர்க்காருக்கு மனம் கசிந்திருக்கிறது. அதே 2024 விதிகளில், நான்கு ஆண்டுக் கட்டணத்தையாவது முன்கூட்டிக் கம்ப்யூட்டர் மூலம் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஏகபோகக்காரனுக்குத் தள்ளுபடி, அவனை மறுக்கும் நோயாளிச் சங்கத்திடம் அவன் பரிசோதனைக்குக் கட்டும் அதே இருபதாயிரம். இந்த இடத்தில் மட்டும் சர்க்கார் சமத்துவம் பேசுகிறது.

இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. பெயருக்கு ஓர் ஆளை நிறுத்தி, போட்டிக் கம்பெனிகள் ஒன்றன் பின் ஒன்றாக மறுப்புகளைக் கொடுத்துக் காலத்தை ஓட்டுகின்றனவாம். அப்படி நடப்பது உண்டு, நாம் மறுக்கவில்லை. பினாமி மறுப்புகளைக் கண்டுபிடித்துத் தள்ளட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? கோடிக்கணக்கில் வியாபாரம் செய்யும் போட்டிக் கம்பெனி இருபதாயிரம் ரூபாயைக் கண்டு திரும்பிப் போய்விடுமா? அந்தச் சல்லடையில் கம்பெனி தப்பிப் போகும், நோயாளிதான் சிக்குவான். வக்கீல் பீஸுக்கு முன்னால் நாலாயிரம் எம்மாத்திரம் என்று இன்னொரு வாதம். கூலி வாங்காமல் நோயாளிகளுக்கு எழுதித் தரும் நல்ல வக்கீல்கள் உண்டு. சர்க்கார் கஜானா யாருக்கும் இலவசமாக ரசீது கொடுப்பதில்லை.

கட்டணத்தோடு வந்த இன்னொரு மாறுதல் பலர் கண்ணில் படவில்லை. பேடண்ட் வாங்கியவர் அந்தப் பொருளை நாட்டில் செய்கிறாரா, எவ்வளவு விற்கிறார் என்று வருஷந்தோறும் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இனி மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கொடுத்தால் போதும். 2012-ல் பேயர் கம்பெனியின் 'நெக்ஸாவார்' என்ற புற்றுநோய் மருந்தை, மாதம் ரூ. 2,80,000-க்கு மேல் விற்றுக்கொண்டிருந்ததை, ரூ. 8,880-க்கு மேற்படாமல் விற்கும்படி ஓர் இந்தியக் கம்பெனிக்குக் கட்டாய லைசென்ஸ் கிடைத்தது. கம்பெனி கொடுத்திருந்த வருஷக் கணக்குகளும் அதற்குச் சான்றாகப் பயன்பட்டன. நம்முடைய வருகைப் பதிவேட்டை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்று எந்த மில் முதலாளியாவது சொல்லுவாரா?

டிரேட் மார்க் கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 மார்ச்சில் அந்த விதிகளை மாற்றி, 74 பாரங்களை எட்டாகக் குறைத்தோம் என்று சர்க்கார் பெருமை கொண்டது. பாரம் குறைந்தது, பணம் கூடியது. ஒரு வகைச் சரக்குக்கு ரூ. 4,000 ஆக இருந்த மனுக் கட்டணம் ரூ. 9,000 ஆயிற்று. தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் சலுகை என்று ரூ. 4,500 வைத்தார்கள், சலுகையே பழைய கட்டணத்தைவிட அதிகம்! மசாலாப் பொடி இடித்து விற்கும் பெண்ணுக்கும் இதுதான் சலுகை. கம்ப்யூட்டர் இல்லை, காகிதத்தில்தான் கொடுப்பேன் என்றால் 5,000.

குறைக்க மனமிருந்தால் சர்க்காருக்குக் குறைக்கவும் தெரியும். 2021-ல் கல்வி ஸ்தாபனங்களுக்குப் பேடண்ட் கட்டணத்தில் 80 சதவீதம் குறைத்தார்கள். லட்ச லட்சமாகப் பீஸ் வாங்கும் தனியார் கல்லூரிக்கும் அது பொருந்தும். நோயாளிகளின் சங்கத்துக்கு அந்த மனம் இளகவில்லை. ஏன் இளகவில்லை என்பதற்கு ஒரு தேதியை மட்டும் குறிப்பிடுகிறோம். ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு வர்த்தக ஒப்பந்தம் டில்லியில் கையெழுத்தானது 2024 மார்ச் 10. கெஜட் விதிகளின் தேதி மார்ச் 15. இடையில் ஐந்தே நாள். நோவார்ட்டிஸ் எந்த நாட்டுக் கம்பெனி என்பதை மேலே சொல்லியிருக்கிறோம்.

பஞ்சாலைச் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் தங்கள் அடுத்த கூட்டத்தில் போனஸ், கூலி விவகாரங்களோடு இதையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நோயாளிகளும், அவர்களுக்காகப் பேசும் சங்கங்களும், தொழிற்சங்கங்களும் கொடுக்கும் மறுப்புக்குக் கட்டணம் அடியோடு ரத்தாக வேண்டும். மறுப்பை விசாரிக்காமல் வாசலில் திருப்பும் விதி போக வேண்டும். பேடண்ட் வைத்திருப்பவர் வருஷந்தோறும் கணக்குக் காட்ட வேண்டும். இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதி, டில்லியில் உள்ள மத்திய வர்த்தக, தொழில் மந்திரிக்கும் உங்கள் தொகுதிப் பார்லிமெண்ட் உறுப்பினருக்கும் அனுப்புங்கள். தபால் தலைச் செலவைத் தவிர அதற்கு இன்னும் கட்டணம் விதிக்கப்படவில்லை.