எலும்புக்கு மட்டுமா கால்சியம்... இலைக்கும் வேண்டும்!

'பால் குடி, கால்சியம் இருக்கு, எலும்பு பலமாகும்' என்று பிள்ளைகளிடம் சொல்லாத வீடு இருக்காது. மாடித் தோட்டத் தக்காளிக்கு முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதும் அதே கால்சியத்துக்காகத்தான். அப்படிப் போட்டும் சில நேரம் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகிவிடுகிறது. ஏன்? கால்சியம் இருந்தால் மட்டும் போதாது; தேவையான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இலைக்குள்ளும் இதே கதைதான்.

ஒரே ஒரு அணு

இலைக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் இடம் பசுங்கணிகம். அங்கே முக்கியமான முதல் வேலை, சூரிய ஒளியின் உதவியால் தண்ணீரைப் பிளப்பது. நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜன் அப்படித்தான் கிடைக்கிறது. இந்த வேலையைச் செய்யும் அணுக்கூட்டத்தில் 4 மாங்கனீசு, 5 ஆக்ஸிஜன் அணுக்களோடு ஒரே ஒரு கால்சியம் அணுவும் இருக்கிறது. அந்த ஒன்றை நீக்கிவிட்டால் ஆக்ஸிஜன் உற்பத்தி நின்றுவிடும். 2011-ல் ஜப்பானில் ஜியான்-ரென் ஷென், நோபுவோ கமியா ஆகியோரின் குழு, நீலப்பச்சைப் பாசி ஒன்றை ஆராய்ந்து இந்த அமைப்பைத் துல்லியமாகக் காட்டியது.

கதவு திறந்தால்தான் வேலை

கால்சியம் தன் இஷ்டத்துக்கு உள்ளே நுழைய முடியாது. பசுங்கணிகத்தின் உறையிலும், அதற்குள் தட்டுகளாக அடுக்கியிருக்கும் தைலக்காய்டு சவ்விலும் கதவு போலச் சில புரதங்கள் உள்ளன. வெளிச்சம் இருக்கும்போது கால்சியம் தைலக்காய்டுக்குள் செல்கிறது. சுற்றியுள்ள திரவப் பகுதியில் அளவு மீறித் தங்கினால், சர்க்கரை தயாரிக்கும் சில நொதிகள் முடங்கும். குறைந்தாலும் சிக்கல், கூடினாலும் சிக்கல்!

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் செடியில், கால்சியத்தையும் மாங்கனீசையும் கடத்தும் இத்தகைய புரதங்களை விஞ்ஞானிகள் செயலிழக்க வைத்துப் பார்த்தார்கள். ஒளிச்சேர்க்கை குறைந்தது. உறையில் உள்ள கதவு பழுதான செடிகளில் இலைகள் வெளிறின, வளர்ச்சியும் குன்றியது. சத்து கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டவில்லை!

தக்காளிக்கு என்ன செய்யலாம்?

வேர் உறிஞ்சும் தண்ணீரோடுதான் கால்சியம் மேலே ஏறுகிறது. இலைகள் நீரை அதிகம் ஆவியாக்குவதால் பெரும்பங்கு அங்கே போய்விடும். அப்படிச் சேர்ந்தது மீண்டும் காய்க்குத் திரும்புவதில்லை. அதனால்தான் இரண்டு நாள் காயவிட்டு, மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் வளரும் காய் தவித்துப்போகிறது.

* மண் எப்போதும் லேசான ஈரத்தோடு இருக்கட்டும். தண்ணீர் தேங்கவும் கூடாது.
* காய்ந்த சருகுகளால் மூடாக்கு போட்டால் ஈரம் நிற்கும்.
* தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட வேண்டாம். இலை பெருகி, காயின் பங்கு குறையும்.
* முட்டை ஓடு போடலாம். ஆனால், அது மிக மெதுவாகவே கரையும்; உடனடித் தீர்வு கிடையாது.

கறுத்த காய் இனி தேறாது, பறித்துவிடுங்கள். தண்ணீர் ஒழுங்காகக் கிடைத்தால், அடுத்து வரும் காய்களைக் காப்பாற்றிவிடலாம்.