மூணு குண்டுக்கு மேல சுடக்கூடாதாம்!

ஜூலை 14 அன்று புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். போர் நினைவுச்சின்னத்துக்கு முன்னால் மெடல் குத்திக்கொண்டு ரிட்டயர்டு சொல்தாக்கள் வரிசையாக நிற்பார்கள். அதே ஊரில் இந்திய ராணுவத்திலிருந்து திரும்பிய ஹவில்தார்களும் உண்டு. ஒரே ஊர், ரெண்டு ராணுவம், ரெண்டு துப்பாக்கி. ரொம்ப வருஷம் அங்கே ஃபமாஸ், இங்கே இன்சாஸ். (கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்களுக்கு ஃபமாஸை அறிமுகப்படுத்தத் தேவையில்லை :-))

ரெண்டிலுமே ஒரு அழுத்துக்கு மூணு குண்டு பாயும் வசதி உண்டு. வித்தியாசம் எங்கே? ஃபமாஸில் ஒத்தைக் குண்டு, மூணு குண்டு, ட்ரிகரை விடும்வரை தொடர்ச்சியாக என்று எல்லாமே இருக்கு. எது வேணும் என்று சுடுகிறவன் முடிவு செய்வான். 1990களின் கடைசியில் நம் ஜவான்கள் கைக்கு வந்த இன்சாஸ் ரைபிளில் அந்தக் கடைசி வசதி கிடையாது. எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் மூணோடு நின்றுவிடும். முடிவெடுப்பது உள்ளே இருக்கும் ஒரு இரும்புத் துண்டு.

பெயின்ட்பால் போட்டிகளில் நொடிக்கு சுமார் 10 உருண்டைதான் என்று கட்டுப்பாடு வைக்கிறார்கள். நியாயம்தான். எதிரில் நிற்பவன் கிளாஸ்மேட், சாயங்காலம் சேர்ந்து டீ குடிக்கணும். போர்க்களத்தில் இந்தக் கட்டுப்பாடு யாரைக் காப்பாற்ற?

தோட்டாவை! அமெரிக்காக்காரன் வியட்நாமில் கண்டபடி சுட்டுத் தள்ளினான். 20 தோட்டா மேகசின் ரெண்டு நொடியில் காலி. அதனால் 1980களில் வந்த எம்16ஏ2-வில் தொடர் சூட்டை எடுத்துவிட்டு மூணு குண்டுப் பூட்டு போட்டார்கள். பெட்டி கேஷுக்கு லிமிட் வைக்கிற மேனேஜர் புத்தி இது. ஆபீஸில் லிமிட் தாண்டினால் மறுநாள் அப்ரூவல் வாங்கிக்கலாம். பதுங்குகுழியில் யாரிடம் அப்ரூவல் வாங்குவது?

சரி, அந்தப் பூட்டாவது ஒழுங்காக வேலை செய்ததா என்றால், அதுவும் இல்லை. எம்16ஏ2-வுக்குள் ஒரு பல்சக்கரம். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பல் நகரும், மூணாவதில் நிறுத்தும். ரெண்டு குண்டு போனதும் விரலை எடுத்துவிட்டால் சக்கரம் பழைய இடத்துக்குத் திரும்பாது. அடுத்த அழுத்தில் ஒண்ணே ஒண்ணுதான் வரும்! மூணு வரும் என்று நம்பி எழுந்து நிற்பவன் கதியை நினைத்துப் பாருங்கள்.

"குறி தப்பாமல் இருக்கத்தான் மூணு" என்று ஒரு வாதம் வரும். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துடலாம். ஜெர்மனியின் ஜி11 மூணு குண்டை நிமிடத்துக்கு 2000-க்கு மேற்பட்ட வேகத்தில் தள்ளியது. உதைப்பு தோளை எட்டுவதற்குள் மூணும் வெளியே போய்விடும். அங்கே மூணுக்கு அர்த்தம் இருக்கு. இன்சாஸ் வேகம் நிமிடத்துக்கு சுமார் 600. குண்டுக்கும் குண்டுக்கும் நடுவே பத்தில் ஒரு நொடி. அதற்குள் குழல் எழும்பிவிடும், மூணாவது குண்டு ஆகாயத்துக்குத்தான். குறியும் இல்லை, தொடர் சூடும் இல்லை. யாருக்கு லாபம்?

இதில் கொடுமை கார்கில். 1999-ல் குளிரில் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது என்பதோடு இன்னொரு புகாரும் வந்தது. மூணில் வைத்தால் சில துப்பாக்கிகள் நிற்காமல் சுட்டனவாம். வேணும் என்கிறபோது தராத துப்பாக்கி, வேணாம் என்கிறபோது தந்திருக்கிறது.

இதற்காகத் திருச்சி தொழிற்சாலையில் இன்சாஸ் செய்த தொழிலாளிகளைத் திட்டாதீர்கள். வரைபடம் அவர்கள் போட்டதல்ல. தொடர்ந்து சுட்டால் பாதி வீண் என்பதும் உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. அதற்கு மருந்து பயிற்சி. விரலைச் சட்டென எடுக்கப் பழகியவன் பல்சக்கரம் இல்லாமலேயே மூணில் நிறுத்துவான். பயிற்சிக்குத் தோட்டா செலவாகும், பல்சக்கரத்துக்கு ஒரே தடவைதான் செலவு. அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

பூட்டு போட்ட அமெரிக்காவே 2014 முதல் தன் எம்4 துப்பாக்கிகளைத் தொடர் சூட்டுக்கு மாற்றத் தொடங்கியது. இன்சாஸுக்குப் பிறகு வந்த எக்ஸ்காலிபரிலும் மூணு குண்டுப் பூட்டு போய் தொடர் சூடு வந்தது. இப்போது அமேதி கோர்வாவில் தயாராகும் ஏகே-203-லும் தொடர் சூடு உண்டு. இடைப்பட்ட வருஷங்களில் அந்த மூணோடு காவல் நின்றவர்களுக்கு ஏன் அப்படி என்று யாராவது விளக்கம் சொன்னார்களா?