வாய்க்கு ருசி, வாசலுக்கு வேலி

வெளியூர் போகிறவருக்கு முதலில் வேண்டியவை இரண்டு. படுக்க ஓர் இடம், பசியாற ஒரு கடை. இவை இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் மொழி தெரியாத ஊரும் நம் ஊர்தான். அமையாவிட்டால் பிறந்து வளர்ந்த நாடும் அந்நியம்தான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கடந்த பருவ விடுமுறையில் வியட்நாமில் பாதியையும், நாடு திரும்பிய பிறகு பெட்டாலிங் ஜெயாவில் மீதியையும் கற்றுக்கொண்டேன்.

கோலாலம்பூரிலிருந்து சைகோனுக்கு, அதாவது இன்றைய ஹோ சி மின் நகருக்கு, விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம். ஈப்போவுக்குப் பேருந்தில் போகும் நேரம்கூட இல்லை. நானும் சுங்கைப்பட்டாணியைச் சேர்ந்த என் தோழியும் பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு, சைகோனில் தொடங்கி ஹுவே வழியாக ஹனோய் வரை இரயிலில் செல்லத் திட்டமிட்டோம். அந்த இரயில் பாதையின் நீளம் 1,726 கிலோமீட்டர். 1936-இல் கட்டி முடிக்கப்பட்டு, போரில் துண்டாகி, 1976-இன் இறுதியில் மீண்டும் இணைக்கப்பட்ட பாதை அது. இரவு இரயிலில் படுக்கை வசதியுள்ள பெட்டியில் ஏறிவிட்டால் ஓர் இரவின் விடுதிச் செலவு மிச்சம் என்பது எங்கள் மாணவர் கணக்கு.

அம்மாவுக்கோ இரண்டே கவலை. “ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க எங்க தங்குவீங்க? அங்க என்னத்தச் சாப்பிடுவீங்க?”

தங்குமிடக் கவலை விரைவில் தீர்ந்தது. வியட்நாமில் பெரிய ஓட்டல்களைத் தவிர, ‘ஞா ஙி’ என்று எழுதிய சிறு விடுதிகள் தெருவுக்குத் தெரு உண்டு. ‘ஓய்வு வீடு’ என்று பொருள். ஙகரத்தில் தொடங்கும் சொல்லைத் தமிழ்ப்பள்ளியில் ஆத்திசூடியில் மட்டுமே பார்த்த எனக்கு அந்தப் பெயரே பிடித்துப்போனது. பெரும்பாலும் ஒரு குடும்பம் கீழே வசித்துக்கொண்டு மேல்மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறது. மணிக்கணக்கில் அறை விடும் இடங்களும் இருப்பதால், குடும்பம் வசிக்கும் வீடாகப் பார்த்து, அறையை நேரில் கண்ட பிறகே பணம் கொடுத்தோம். கடப்பிதழை வாங்கிப் பதிந்துகொண்டார்கள். அதற்கு மேல் எவரும் எதையும் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்கு மூன்று சொற்களைக் கற்றுக்கொண்டோம். ‘போ’ என்றால் மாட்டிறைச்சி. ‘கா’ என்றால் கோழி. ‘சாய்’ என்றால் சைவம். எங்கள் இருவர் வீட்டிலும் மாட்டிறைச்சி இல்லை. எனவே கடைப்பலகையில் ‘போ’ என்றிருந்தால் நாங்களும் போய்விடுவோம். ‘ஃபோ கா’ என்றிருந்தால் உட்கார்ந்துவிடுவோம். கோழிச் சாற்றில் அரிசி மாவு நூடுல்ஸ், மேலே வெங்காயத் தாள், எலுமிச்சை, ஒரு தட்டு நிறைய பச்சிலைகள். காலைப் பசியாறலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நம் ஊரில் ‘பான் மீ’ என்றால் சீனர் கடை நூடுல்ஸ். அங்கே அதே ஓசையில் ஒன்றைக் கேட்டால் ரொட்டி வருகிறது! சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலர் சைவம் சாப்பிடுகிறார்கள். நம் பாட்டிமார்களின் அமாவாசை, பௌர்ணமி விரதத்தை அந்த மண்ணிலும் கண்டது வியப்பாக இருந்தது.

சைகோனில் பென் தான் சந்தைக்கு அருகே ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் செட்டியார்களும் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்களும் தொழில் செய்த ஊர் அது. தமிழர்கள் எழுப்பிய கோயில்கள் மூன்று இன்றும் அங்கே நிற்கின்றன. நகரத்தார் எந்த ஊருக்குக் கடல் கடந்து போனாலும், தங்கவும் தொழில் செய்யவும் கிட்டங்கியும், கும்பிடக் கோயிலும் அமைத்துக்கொண்டவர்கள். 1975-க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டனர். ஆனால் அம்மன் தனியாக இல்லை. நாங்கள் போன அன்று கோயிலில் தமிழ் முகம் எங்கள் இரண்டு மட்டுமே. மற்ற அனைவரும் வியட்நாமியர். கருங்கல் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு தங்கள் மொழியில் அம்மனிடம் ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு ஒரு கடையில் ‘கா ரி கா’ சாப்பிட்டோம். அதாவது கோழிக் கறி. தேங்காய்ப்பாலும் செரையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்த்து, ரொட்டியோடு தொட்டுக்கொள்ளத் தருகிறார்கள். நம் சொல் அங்கே வீட்டுச் சொல்லாகிவிட்டது. அந்தக் கறி வாசத்தில் எனக்குக் கிள்ளான் தெங்கு கிளானா சாலை நினைவுக்கு வந்தது.

ஹுவே நகரில் நாங்கள் இறங்கியபோது இரவாகிவிட்டது. நல்ல மழை. பார்த்து வைத்திருந்த விடுதியில் இடமில்லை. பக்கத்துச் சந்தில் ஒரு ‘ஞா ஙி’யின் கதவைத் தட்டினோம். திறந்த மூதாட்டி நனைந்து நின்ற எங்களைப் பார்த்து முதலில் கேட்டது, “ஆன் கொம் ச்சுவா?” ‘சோறு சாப்பிட்டாயா’ என்று அர்த்தம். நம் வீடுகளில் வாசலில் நிற்பவரைப் பார்த்துக் கேட்கிறோமே, “பசியாறியாச்சா?” அதே கேள்விதான். எங்கள் நிறம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் கேட்டது பசியைப் பற்றி.

இனி நாடு திரும்பிய கதை.

என் தோழிக்குப் பெட்டாலிங் ஜெயாவில் தொழிற்பயிற்சி கிடைத்தது. சுங்கைப்பட்டாணியிலிருந்து நாள்தோறும் வர முடியுமா? அறை தேடினோம். விளம்பரங்கள் பலவற்றின் கடைசி வரியைப் படித்ததும் கீழே வைத்துவிட வேண்டியிருந்தது. ‘இன்ன இனத்தவருக்கு மட்டும்’ என்றது ஒன்று. ‘இந்தியர்கள் வேண்டாம்’ என்றது இன்னொன்று. அப்படி எழுதாதவர்களைத் தொலைபேசியில் அழைத்தோம். பெயரைச் சொன்னதும் ஒருவர் “பங்சா அப்பா?” என்றார். என்ன இனம் என்ற அந்த இரண்டு சொல் கேள்விக்குப் பதில் சொன்னதும் அறை ‘இப்போதுதான் போய்விட்டது’. இன்னொரு வீட்டுக்காரர் நாகரிகமாகவே காரணம் சொன்னார். “நீங்கள் கறி சமைப்பீர்கள். அந்த வாடை சுவரை விட்டுப் போகாது.”

சைகோனில் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடும் அதே கறி! மதிய வேளையில் பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளில் எல்லா இனத்தவரும் வரிசையில் நின்று உண்ணும் அதே கறி! தட்டில் இருந்தால் வாசம், வாடகை வீட்டில் இருந்தால் வாடையா? அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது மூவினத்தாரும் ஒரே சிற்றுண்டிச்சாலையில் ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் எடுத்து உண்டோம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வீடு வாங்கியதும் இப்படி மாறிவிடுகிறார்களா?

இந்தக் கோபத்தோடுதான் கிள்ளானில் என் அத்தை வீட்டுக்குப் போனேன். மேல்மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. நடந்ததைக் கேட்டு அத்தை கொதித்துப்போனார். “அந்தப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா. நம்ம பிள்ளைக்கு இல்லாத இடமா?” என்றார். என் கண் கலங்கிவிட்டது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு அந்தக் கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. “போன வாரம்கூட வியட்நாம்காரப் பொண்ணுங்க ரெண்டு பேரு கேட்டாங்க. பக்கத்துத் தொழிற்சாலையில வேலையாம். நான் முடியாதுன்னுட்டேன். மீன் சாறு ஊத்திச் சமைப்பாங்க. அந்த நாத்தம் தாங்காது.”

அடுப்பில் கருவாடு வறுபட்டுக்கொண்டிருந்தது.

நான் எதுவும் பேசவில்லை. அத்தை கெட்டவர் அல்லர். ஆனால் பெட்டாலிங் ஜெயா வீட்டுக்காரரும் ஒருவேளை கெட்டவராக இல்லாமல் இருக்கலாம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. இருவரும் செய்தது ஒன்றே. ஆளைப் பார்க்காமல் இனத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். என் தோழி அடிபட்டபோது அது எனக்கு அநீதியாகப்பட்டது. அந்த வியட்நாமியப் பெண்கள் அடிபட்டபோது, உண்மையைச் சொன்னால், ‘அத்தை வீடு, அத்தை விருப்பம்’ என்றுதான் என் மனமும் முதலில் சொன்னது.

இந்த நாட்டில் வியட்நாமியர் ஒதுங்க இடம் தேடியது இது முதன்முறையல்ல. போருக்குப் பிறகு படகுகளில் தப்பி வந்தவர்களுக்காகத் திரங்கானு கடலில் உள்ள பீடோங் தீவு 1978-இல் முகாமாக்கப்பட்டது. 1979-இல் அந்தச் சின்னஞ்சிறு தீவில் ஏறக்குறைய 40,000 பேர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1991-இல் மூடப்படும் வரை சுமார் இரண்டரை இலட்சம் பேர் அதன் வழியாக வேறு நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நம் கோலாலம்பூரின் சுங்கை பீசியிலும் 1996 வரை ஒரு முகாம் இருந்தது. இன்று நாம் பேரங்காடியில் ருசித்து உண்ணும் ஃபோவுக்குப் பின்னால் இப்படியும் ஒரு வரலாறு இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

வீட்டுக்காரர்களின் அச்சத்தை நான் அடியோடு மறுக்கவில்லை. வாடகை தராமல் ஓடுகிறவர்கள் உண்டு. வீட்டைப் பாழாக்குகிறவர்களும் உண்டு. ஆனால் அதற்குத்தானே முன்பணம் வாங்குகிறோம்? அதற்குத்தானே முத்திரையிட்ட வாடகை ஒப்பந்தம்? சமையலுக்கு நேரம் வைக்கலாம், சன்னலைத் திறக்கச் சொல்லலாம், துப்புரவுக்கு விதி போடலாம். மீறினால் வெளியேற்றலாம். இவையெல்லாம் ஒருவரின் நடத்தையைப் பார்த்துச் செய்வன. இனத்தைப் பார்த்துச் செய்வது பாதுகாப்பு அன்று, பாகுபாடு. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது நம் அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு. ஆனால் தனியார் வீட்டு வாசல்வரை அது நம்மோடு நடந்து வருவதில்லை. அங்கே மனசாட்சிதான் வர வேண்டும்.

ஓர் இரவு தங்குவதற்குப் பிரிக்பீல்ட்ஸ் ஓட்டலில் எவரும் இனம் கேட்பதில்லை. அடையாள அட்டையும் பணமும் போதும். ஓராண்டு தங்க வேண்டும் என்றால்தான் கேள்வி பிறக்கிறது. விருந்தினரை ஏற்கும் நாம் அண்டை வீட்டாரை ஏற்க மறுக்கிறோம். திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தின் பத்துக் குறளையும் மேடையில் மூச்சு விடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கிய நமக்கு இது அழகா?

நம் பேரவை மூன்று காரியங்களைச் செய்யலாம் என்பது என் கருத்து. ஒன்று, இனம் பாராமல் அறை கொடுக்கும் வீடுகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். வெளியூரிலிருந்து நேர்காணலுக்கும் பயிற்சிக்கும் வரும் எல்லா இன மாணவர்களுக்கும் அது பயன்படட்டும். இரண்டு, மற்றப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களோடு பேசி, ஊர் விட்டு ஊர் வரும் மாணவர்களை ஓரிரு நாள் வீட்டில் தங்கவைக்கும் பழக்கத்தைத் தொடங்கலாம். மூன்றாவது, செலவே இல்லாதது, ஆனால் மிகக் கடினமானது. நம் வீட்டில் காலி அறை இருந்தால் அப்பா, அம்மா, அத்தை, மாமாவிடம் நாமே பேச வேண்டும். மற்றவர் வாசலில் நீதி கேட்கும் முன் நம் வாசலைத் திறக்க வேண்டும்.

நானும் அத்தையிடம் பேசினேன். உடனே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். “உனக்கென்ன தெரியும்?” என்று கடிந்துகொண்டார். என் தோழி இப்போது அந்த அறையில்தான் இருக்கிறாள். பயிற்சி முடிந்து அவள் புறப்படும்போது அறை மீண்டும் காலியாகும். அன்று கதவைத் தட்டுபவர் யாராக இருந்தாலும் அத்தை முதலில் கேட்கும் கேள்வி “பசியாறியாச்சா?” என்பதாக இருக்க வேண்டும். அதுவரை அத்தையிடம் நான் பேசிக்கொண்டே இருப்பேன். நீங்களும் உங்கள் வீட்டில் பேசத் தொடங்குங்கள்.